நடுவர் பெட்டிக்குள் காற்று

கருக்கம்பாளையம் வாய்க்காலுக்கு நாற்பத்திரண்டு மடை. எந்த மடைக்கு எந்த நாளில் எவ்வளவு தண்ணீர் என்று முடிவு செய்கிற கணினி, தெய்வசிகாமணியின் வீட்டுக் கூடத்தில் நின்றது. ஊர் அதை நடுவர் என்று அழைத்தது. ஒன்பது வருடத்தில் நடுவரின் மேலும் ஒரு சொல் விழுந்ததில்லை, நடுவரை வைத்திருந்த வீட்டின் மேலும் ஒரு சொல் விழுந்ததில்லை. அந்தச் சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு அது விழுந்துவிடும் போலிருந்தது.

நடுவர் வருவதற்கு முன்பெல்லாம் தண்ணீரைப் பங்கிட்டது எங்கோ கண்காணாத இடத்தில் இருந்த ஒரு பெரிய கணினி. அது நியாயமாகத்தான் பங்கிட்டிருக்கும். ஆனால் முகம் தெரியாத ஒன்று தன் மடையை மூடுவதை எந்த விவசாயி பொறுப்பான்? இரண்டு கோடைகளில் மூன்று மண்டைகள் உடைந்தன. பிறகு ஊர் கூடி முடிவெடுத்தது. பங்கிடுகிற கணினி நம் கண்ணெதிரே இருக்க வேண்டும். மதகுகளையும், ஊர் காடு என்று சொல்கிற வயல்களில் நட்ட ஈரமானிகளையும் தவிர வெளியே எதனோடும் அது பேசக் கூடாது. யாரும் விரல் நீட்ட முடியாத ஒரு வீட்டில் அது இருக்க வேண்டும். எந்த வீடு என்ற கேள்வியே எழவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் எழுதிக்கொண்டார்கள்: நடுவர் மேல் வரும் புகார் உண்மை என்று தெரிந்தால், அன்றே பெட்டி அந்த வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும்.

சிகாமணிக்கு வயது எழுபத்தொன்று. கோவையில் முப்பத்தெட்டு வருடம் பம்பு வார்ப்படப் பட்டறை நடத்திவிட்டு ஊர் திரும்பியவர். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நடுவர் வந்த நாளில் பெட்டியைத் திறந்து பார்த்தார். கணினியின் மூளை சூடேறாமல் இருக்க, உள்ளே குழாய்களில் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சுற்ற வைக்க விளையாட்டுச் சாமான் போல ஒரு பிளாஸ்டிக் பம்பு. அவர் முகம் சுண்டிவிட்டது. அடுத்தவன் பம்பு ஓடுகிற பெட்டி தன் கூடத்தில் நிற்பதா? ஒரே வாரத்தில் எலுமிச்சம்பழ அளவில் வெண்கலப் பம்பு ஒன்றை வார்த்துப் பொருத்தினார். குழாய்களைப் புதிதாக வளைத்தார். தண்ணீர்த் தொட்டியைக் கண்ணாடியில் செய்து, அதில் தன் அப்பாவின் பெயரைப் பொறித்து, உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நேராகத் தெரியும்படி கீழே வைத்தார். பெட்டியோடு வந்த படத்தில் தொட்டி எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. படம் போட்டவனுக்கு அவர் அப்பாவைத் தெரியாது.

அந்த வீட்டுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. காலை ஆறு முதல் இரவு எட்டு வரை கூடத்துக் கதவைச் சாத்துவதில்லை. வந்தவருக்கு மோர் கொடுக்காமல் பேச்சைத் தொடங்குவதில்லை. வந்தவர் முன்னால் வீட்டுக் குறையைப் பேசுவதில்லை, வீட்டுப் பெரியவரிடம் மட்டும்தான் அதைச் சொல்ல வேண்டும். இரவு எட்டுக்கு மேல் கூடத்தில் சத்தம் கூடாது. கல்யாணமாகி வந்த முதல் மாதமே அவர் மனைவி ருக்மணி இவற்றைக் கற்றுக்கொண்டார். நடுவருக்கும் சிகாமணி முதல் நாளே எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். "புரிஞ்சுதுங்க" என்று அது அந்த ஊர்ப் பேச்சிலேயே பதில் சொன்னதில் அவருக்குப் பெரிய திருப்தி.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே மயிலாத்தாள் வந்துவிட்டாள். புகார் கொடுத்தவள் அவள்தான். முப்பத்தொன்பதாம் மடைக்காரி. தூரத்து உறவில் சிகாமணிக்கு மருமகள் முறை. கணவன் போனபின் ஆறு வருடமாக ஒற்றை ஆளாக வாழை வைத்து எடுக்கிறாள். வாய்க்காலின் இந்தக் கரையில் அவள் பேசினால் அந்தக் கரையில் மேய்கிற மாடு நிமிர்ந்து பார்க்கும்.

"கூட்டம் பதினொரு மணிக்கு" என்றார் சிகாமணி, எழுந்திருக்காமல்.

"தெரியுமுங்க மாமா. நாலு பேர் நடுவுல உங்களை எதுத்துப் பேசறதுக்கு முந்தி, உங்ககிட்ட நேராச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

அது அவருக்குப் பிடித்திருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. "ருக்கு, மோர் கொண்டா."

"வேண்டாமுங்க. என்ற வயித்தெரிச்சல் மோர்ல அடங்காது."

"குடி அம்மிணி" என்று ருக்மணி டம்ளரை நீட்டினார். "குடிச்சுட்டுத் தெம்பாச் சண்டை போடு."

மயிலாத்தாள் ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாள். "பொங்கல்ல இருந்து என்ற மடை தெறக்கறது நாப்பது நிமிஷமுங்க. தையிலயும் நாப்பது, மாசியிலயும் நாப்பது. பங்குனி வெயில் மண்டையப் பொளந்துச்சு, அப்பவும் நாப்பது. குலை தள்ளற நேரத்துல அறுநூறு வாழை இலை சுருண்டு நிக்குது. உங்க நடுவருக்கு வெயிலே அடிக்காதுங்களா?"

"நாப்பத்திரண்டு காட்டு ஈரத்தையும் பாத்துத்தான் அது முடிவு பண்ணுது. உனக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்ய அதுக்கென்ன வந்துச்சு?"

"எனக்கு மட்டும்னு யார் சொன்னா? கடை மடை ஏழும் இப்படித்தானுங்க."

"ஏழா?" அவர் இதற்காகவே காத்திருந்தவர் போல முன்னால் நகர்ந்தார். "கடைசி மடை யாருது? என்ற தம்பி பொன்னுச்சாமியோடது. அவன் ஒரு வார்த்தை சொன்னானா? வாழையை எடுத்துட்டு, மண்ணுக்கு ஓய்வு கொடுக்கறேன்னு காட்டைச் சும்மா போட்டிருக்கான் சோம்பேறி. தண்ணி வரலைன்னு என்ற தம்பி சொல்லட்டும். இந்த நிமிஷமே ஒத்துக்கறேன்."

மயிலாத்தாள் பதில் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டாள். பிறகு எழுந்து பெட்டியின் அருகே போனாள்.

"ஏனுங்க மாமா, பொட்டிக்குள்ள காத்து கொப்புளிக்குதே?"

"என்னது?"

"காத்துங்க. தண்ணிக்குள்ள காத்து. கொளக்கு கொளக்குன்னு. என்ற மோட்டாரு காலையில தண்ணி பிடிக்கறதுக்கு முந்தி இப்படித்தான் கத்தும்."

"பம்பு வார்த்தவன் நான். என்கிட்டயே சொல்றியா? அது தண்ணி ஓடற சத்தம். வர்றவங்கெல்லாம் கேக்க நல்லா இருக்குதுன்னுதான் சொல்றாங்க."

உண்மையில் அவருக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அவர் காதில் பாதியைப் பட்டறை எடுத்துக்கொண்டு பல வருடமாகிவிட்டது. அதை அவர் ஒருவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. ருக்மணிக்குப் பொங்கலிலிருந்தே அந்தக் கொப்புளிப்பு கேட்டது. ஆனால் பம்பைப் பற்றி இந்த மனிதரிடம் நாம் என்ன சொல்வது என்று இருந்துவிட்டார். வந்து போன விருந்தாளிகளும் அப்படித்தான் இருந்தார்கள். பம்புக்காரர் வீட்டில் பம்பு தவறாக ஓடும் என்று யார் நினைப்பார்கள்?

மயிலாத்தாளின் வாயை மூடுவதற்காகவே சிகாமணி எழுந்து போய், பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, குழாயின் மேல் இரண்டு விரலை வைத்தார்.

வைத்த விரலை எடுக்கவில்லை.

சீராக ஓடுகிற தண்ணீர் குழாயில் இருப்பதே தெரியாது. இது துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது. எத்தனை கிணற்று மேட்டில் நின்று இந்தத் துடிப்பைப் பிடித்து, "காத்துப் பிடிச்சிருக்குது, இது கூடத் தெரியாம என்ன பம்பு மாட்டினான்?" என்று அடுத்தவர் வேலையைப் பழித்த விரல்கள் அவை. மூளைத் தகட்டின் ஓரத்தைத் தொட்டார். தோசைக்கல் மாதிரிச் சுட்டது.

"நடுவரே" என்றார். குரலில் வழக்கமான முறுக்கு இல்லை. "உள்ளே காத்து இருக்குதா?"

"விருந்தாளி இருக்காங்களேங்க" என்றது நடுவர்.

மயிலாத்தாள் பெட்டியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"பரவால்ல. இவ முன்னாடியே சொல்லு."

"இருக்குதுங்க. தொண்ணூத்தாறு நாளாச்சு. பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்ணுனப்போ எனக்குத் தண்ணி மாத்துனீங்க. தொட்டி நெறஞ்சதும் மூடியைப் போட்டுட்டீங்க. பொட்டியை அப்படி இப்படிச் சாய்ச்சு, குழாய்க்குள்ள மாட்டிக்கிட்ட காத்தை வெளியேத்தணும்னு படத்துல இருக்குது. மத்த வருஷமெல்லாம் சாய்ச்சீங்க, அன்னைக்குக் கூடத்துல பதினாலு பேர் இருந்தாங்க. அவங்க முன்னாடி நடுவரைச் சாய்க்கறது மரியாதை இல்லைன்னு சொல்லிட்டீங்க."

சொன்னது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. கேட்டவர்கள் தலையாட்டியதும் நினைவிருந்தது.

"ஏன் சொல்லலை? தொண்ணூத்தாறு நாள் வாயில என்ன வெச்சிருந்தே?"

"வந்தவங்க முன்னாடி வீட்டுக் குறை பேசக் கூடாதுங்க. வீட்டுப் பெரியவரைத் தாண்டி வேற யாருகிட்டயும் சொல்லக் கூடாதுங்க. எட்டு மணிக்கு மேல கூடத்துல சத்தம் கூடாதுங்க. இதெல்லாம் கழிச்சுப் பாத்தா, நீங்க தனியா இருந்தது மொத்தம் முப்பத்தொரு நிமிஷம். அதுல ரெண்டு தடவை சொன்னனுங்க."

"சொன்னியா?"

"சொன்னனுங்க. ரெண்டு தடவையும் 'நல்லது, நல்லது'ன்னீங்க."

ருக்மணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மயிலாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியின் முன் இடுப்பில் கைவைத்து நின்றாள். "காத்து இருந்தா இருந்துட்டுப் போகுது. அதுக்கும் என்ற வாழைக்கும் என்ன சம்பந்தம்? அதைச் சொல்லு."

"காத்து நிக்கற எடத்துல தண்ணி படாதுங்க. தண்ணி படலைன்னா சூடு ஏறும். சூடு ஏறினா நான் எரிஞ்சு போகாம இருக்க மெதுவாகிடுவேன். விடியக்காலம் அஞ்சு மணிக்கு மதகு தெறக்கணும். அதுக்குள்ள ஒண்ணாம் மடையில இருந்து ஒவ்வொரு காடா யோசிச்சுக்கிட்டே கீழ வருவேன். முன்னெல்லாம் ரெண்டு மணிக்கே முடிச்சுடுவேன். இப்ப முப்பத்தஞ்சாவது மடைக்கு வர்றப்பவே அஞ்சு அடிச்சுடுது."

"மிச்சம் ஏழு?"

"யோசிக்கறதுக்கு நேரம் இல்லைங்க. கடைசியா யோசிச்சப்போ என்ன அளவோ அதையே போட்டுடுவேன். மார்கழி அளவு."

"மார்கழியில மழை பேஞ்சுக்கிட்டு இருந்துச்சுடா பாவி!" அவள் குரல் தெருவுக்குப் போயிற்று. "ஏழு காடு காய்ஞ்சாலும் சரி, வீட்டு மரியாதை பெருசுன்னு உனக்கு எவன் சொன்னான்?"

"இந்த வீடுதானுங்க சொன்னது. நான் இங்கதானுங்களே வளந்தேன்."

சிகாமணி நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். தன் பம்பு பழுதாகவில்லை, தன் வார்ப்பில் குறையில்லை என்று சொல்லிக்கொள்ள ஒரு கணம் மனம் ஓடியது. உண்மைதான். பம்பு ஒரு நாளும் நிற்கவில்லை. நின்றது வேறொன்று, குறையைச் சொல்கிற வாய். எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். ருக்மணி உள்ளிருந்து வந்தபோது, வீட்டுக்குள் ஒருநாளும் வேட்டியை மடித்துக் கட்டாத அந்த மனிதர் கூடத்தின் நடுவில் முழங்கால் தெரிய நின்றுகொண்டிருந்தார்.

"ருக்கு, பேட்டரிக்கு ஊத்தற சுத்தத் தண்ணி கேன் எங்க? ஒரு துண்டும் கொண்டா. கதவைச் சாத்து."

"கதவையா?" என்றார் ருக்மணி.

"சாத்து."

முதலில் நடுவரை நிறுத்தினார். மூளை சும்மா இருக்க வேண்டும், பம்பு மட்டும் ஓட வேண்டும். பம்பின் மின்கம்பியைத் தனியாக எடுத்துச் செருகினார். தொட்டியின் மூடியைத் திறந்தார். தொட்டி கீழே இருந்ததுதான் பெரிய சங்கடம். காற்று எப்போதும் மேலே போகப் பார்க்கும். மேலே இருந்ததோ தண்ணீரின் சூட்டை வெளியே விடுகிற ரேடியேட்டர். அங்கே போய் உட்கார்ந்துகொண்டால் வெளியே வர அதற்கு வழியில்லை. தொட்டியை மேலே கொண்டுபோக முடியாது. அப்படியானால் பெட்டியை முடிந்தவரை சாய்த்து, தொட்டி மேலே வரும்படி செய்ய வேண்டும்.

"பிடி அம்மிணி. அந்தப் பக்கம். தொட்டி வாய் மட்டும் கவுந்துடக் கூடாது. துண்டை அணை."

ஒரு மூட்டை அரிசிக் கனம் இருந்தது பெட்டி. இருவரும் தூக்கிச் சாய்த்தார்கள். ருக்மணி சுவிட்சைப் போட்டார். பத்து எண்ணுவதற்குள் சிகாமணி "நிறுத்து" என்றார். பெட்டியை மறுபக்கம் சாய்த்தார்கள். மறுபடி பம்பு. மறுபடி நிறுத்தல். ஓடுகிற தண்ணீரில் காற்று சிக்கிக்கொண்டு சுற்றும். நின்ற தண்ணீரில்தான் அது தன் வழியைத் தேடும். இது அவருக்கு நாற்பது வருடமாகத் தெரியும்.

"இப்பக் கேக்குதா?" என்றார்.

மயிலாத்தாள் பெட்டியோடு காதை ஒட்டிவைத்தாள். "மேல எங்கயோ கரகரங்குதுங்க. வலது கை மூலையில."

அவர் விரலை அங்கே கொண்டுபோனார். துடித்தது. வளைந்த குழாயை மெதுவாக அமுக்கி விட்டார். "உங்களுக்குக் கேக்கலைங்களா?" என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவள் காதும் அவர் விரலுமாக ஒரு குமிழைத் துரத்திக்கொண்டு மூலை மூலையாகப் போனார்கள். கண்ணாடித் தொட்டிக்குள், பொறித்திருந்த பெயருக்குப் பின்னால், கடுகு கடுகாகக் காற்று வந்து ஏறியது. பிறகு திடீரென்று கோலிகுண்டு அளவில் ஒன்று புரண்டு வந்து பளக்கென்று உடைந்தது. தொட்டியில் தண்ணீர் இரண்டு விரல்கடை இறங்கியது.

"அட கருமமே!" என்று மயிலாத்தாள் வாய்விட்டுச் சிரித்தாள். "இத்துனூண்டு! இதுக்கா ஏழு காடு காஞ்சுது?"

"ஊத்து ருக்கு, ஊத்து. பம்பு காய்ஞ்சு ஓடக் கூடாது."

ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்று பேருக்கும் வியர்த்து ஊற்றியது. ஏழாவது முறை சாய்த்தபோது ஒரு குமிழும் வரவில்லை. அவள் காதில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் விரலில் ஒன்றும் தெரியவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்து மூடியைப் போட்டுவிட்டு, சிகாமணி வெகுநேரம் குழாயைத் தொட்டபடியே நின்றார். தண்ணீர் இருப்பதே தெரியாமல் ஓடியது. இவ்வளவு வயதுக்குப் பிறகும் ஒரு பம்பு ஒழுங்காக ஓடுவதில் இத்தனை சந்தோஷம் இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது.

கூட்டத்துக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. மயிலாத்தாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் காதருகே வந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள். அவளுக்கு அவ்வளவு தாழ்ந்த குரல் உண்டென்றே அவருக்குத் தெரியாது.

"மாமா, நான் ஒண்ணு சொல்றனுங்க. எனக்குத் தண்ணி வந்தாப் போதும். நாளையில இருந்து எப்படியும் வந்துடும். என்ற புகாரை நானே திரும்ப வாங்கிக்கறனுங்க, ஈரமானி கெட்டுப்போச்சு, நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லிடறேன். உங்க வீட்டுப் பேரு இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

ருக்மணி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அப்படியே செய்யலாமே என்பது இருந்தது.

அப்படியே செய்திருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஒன்பது வருடம் பத்தாகும், இருபதாகும். ஆனால் அந்த நொடியில் அவர் மனதில் வந்து நின்றது இன்னொன்று. இனி ஒவ்வொரு பொங்கலுக்கும், ஒவ்வொரு விசேஷத்துக்கும் இந்தப் பெண் இந்தக் கூடத்துக்கு வருவாள். மோர் குடிப்பாள். சும்மா இருப்பாள். அவள் சும்மா இருப்பதைப் பார்த்துக்கொண்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"வேண்டாம் அம்மிணி" என்றார். "உன் மனசு பெருசு. ஆனா என்ற வீட்டு மானத்தை அடுத்தவங்க வாய்க்குள்ள வெச்சு வாழறதுக்கு எனக்குத் தெரியாது. ருக்கு, கதவைத் தெற."

பதினொரு மணிக்கு நாற்பத்திரண்டு பேரும் வந்துவிட்டார்கள். வழக்கப்படி ஒன்றாம் மடைக்காரரான கிட்டுசாமி தலைமை. எல்லோருக்கும் மோர் வந்தது. மயிலாத்தாள் எழுந்திருப்பதற்குள் சிகாமணி எழுந்தார்.

"புகார் உண்மைங்க" என்றார். "தப்பு நடுவர் மேல இல்லை. பம்பு மேலயும் இல்லை. என்ற மேல."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தண்ணீர் மாற்றியது, சாய்க்காமல் விட்டது, நடுவரின் வாயைக் கட்டிப் போட்டது. "எனக்குக் காது மந்தம். அது ரெண்டு தடவை சொல்லியும் எனக்கு விழுகலை" என்பதையும் சொன்னார். பம்பைப் பற்றிச் சொல்வதைவிட அதைச் சொல்வது கடினமாக இருந்தது. கூட்டத்தில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அவர்கள் எல்லோருக்கும் அது எப்போதோ தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

கிட்டுசாமி தொண்டையைச் செருமினார். "நடுவரே, காய்ஞ்சது எந்தெந்தக் காடு? பேரோட சொல்லு."

இப்போது நடுவர் தயங்கவில்லை. முப்பத்தாறு முதல் ஒவ்வொன்றாகச் சொன்னது. எத்தனை நாள், எவ்வளவு குறைவு, என்ன பயிர் போயிற்று. முப்பத்தொன்பது, மயிலாத்தாள், அறுநூறு வாழை, பாதி தேறும். நாற்பது. நாற்பத்தொன்று.

"நாப்பத்திரண்டு. பொன்னுச்சாமி. எண்ணூறு வாழை. ஒண்ணும் தேறலைங்க. மாசி இருவதாம் தேதி வெட்டி எடுத்துட்டாருங்க."

சிகாமணி திரும்பிப் பார்த்தார். தம்பி வாசலை ஒட்டிச் சுவரோரம் உட்கார்ந்து, ஜமுக்காளத்தின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அறுபத்தாறு வயது மனிதன்.

"என்னடா இது? மண்ணுக்கு ஓய்வுன்னியே?"

"வேற என்னத்தைச் சொல்றதுங்கண்ணா?" பொன்னுச்சாமி தலையைத் தூக்கவில்லை. "அண்ணன் வீட்டு நடுவர் தம்பி காட்டுக்கே தண்ணி உடலைன்னு ஊருக்குள்ள போய்ச் சொல்லச் சொல்றீங்களா? நம்ம பேரு என்னத்துக்காகும்?"

"உன்னைச் சோம்பேறின்னேனே. பத்துப் பேர் நடுவுல."

"கேட்டனுங்க."

"அப்பவும் வாயைத் தெறக்கலை?"

"என்ற எடத்துல நீங்க இருந்தாத் தெறந்திருப்பீங்களா?"

சிகாமணி நினைத்துப் பார்த்தார். எண்ணூறு வாழையைத் தன் கையால் வெட்டிச் சாய்த்துவிட்டு, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, ஊர் முன் சிரித்தபடி நின்றிருப்பான். அவரே ஆனாலும் அதைத்தான் செய்திருப்பார். காலையில் அந்தப் பெட்டியைத் திட்டியதை நினைத்துக்கொண்டார். அது எதைப் புதிதாகச் செய்துவிட்டது? இந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் செய்வதைத்தானே செய்தது?

மேல் மடைகள் பத்தும் ஆடிப்பெருக்கு வரை நாலில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் கடை மடைகள் எழுந்துவிடும் என்று நடுவர் சொன்னது. முணுமுணுப்பு எழுந்தது. நான்காம் மடை சிகாமணியுடையது. "நான் பாதி விடறேன்" என்றார் அவர். முணுமுணுப்பு அடங்கியது.

"அப்புறம் நிபந்தனை ஒண்ணு இருக்குதுங்க" என்று கிட்டுசாமி மெதுவாக ஆரம்பித்தார். "பொட்டி வேற வீட்டுக்குப் போகோணும். என்ற ரோசனை, பொன்னுச்சாமி வீட்டுல வெக்கலாம். கடை மடையாவும் ஆச்சு. உங்க குடும்பத்துலயே இருந்த மாதிரியும் ஆச்சு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

பல தலைகள் ஆடின. பொன்னுச்சாமி அண்ணனைப் பார்த்தான். கண்ணில் ஆசை இருந்தது. பெயர் வீட்டைவிட்டுப் போகாமல் இருக்க அழகான வழி. சிகாமணி அந்த வழியை ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க" என்றார். "என்ற தம்பி என்னை மாதிரியே வாயை மூடிக்கறவன். அங்க வெச்சாலும் அது ஊமையாத்தான் வளரும். கொறை இருந்தாச் சந்தியில நின்னு கத்தறவங்க வீட்டுல வெய்யுங்க." கையை நீட்டினார். "மயிலாத்தா வீட்டுல."

கூட்டம் சலசலத்தது. மயிலாத்தாள் பதறி எழுந்தாள். "ஐயோ மாமா, என்ற வீடு ஓட்டு வீடுங்க. ஆடு உள்ளார வரும். கோழி பொட்டி மேல ஏறி உக்காரும்."

"உக்காரட்டும். தொட்டியை மட்டும் மேல வெச்சுக்க. அந்தப் பேரு பொறிச்சதைக் கழட்டிட்டு வேற ஒண்ணு செஞ்சு தர்றேன்."

"நான் அதைத் திட்டுவனுங்க. எனக்குக் கோவம் வந்தா நிக்காது."

"திட்டு. அதுவும் உன்னைத் திட்டப் பழகட்டும்."

யாரோ சிரித்தார்கள். பிறகு கைகள் உயர்ந்தன. கிட்டுசாமி எண்ணினார். நாற்பத்தொன்று. உயராதது மயிலாத்தாளுடையது மட்டும்தான். அவள் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

பெட்டியை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு பொன்னுச்சாமி கிளம்பினான். ருக்மணி விடவில்லை. "பொங்கலுக்கு அப்புறம் இந்த வீட்டுல கை நனைக்கவே இல்லை. உக்காருங்க தம்பி" என்று இலை போட்டுவிட்டார். அண்ணனும் தம்பியும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ரசத்துக்கு அப்பால்தான் பேச்சு வந்தது.

"மறுபடி வாழையே வெக்கட்டுங்களாண்ணா?"

வை என்றோ, வேண்டாம் மரவள்ளி போடு என்றோ சொல்வதற்கு சிகாமணியின் நாக்கு எழுந்தது. ஐம்பது வருடப் பழக்கம்.

"என்னை ஏன்டா கேக்கறே? தண்ணி எவ்வளவு வரும்னு மயிலாத்தா வீட்டுக்குப் போய்க் கேளு."

"நானா? அவகிட்டயா?"

"தனியாப் போகக் கூச்சமா இருந்தா நானும் வரேன். எனக்கும் என்ற நாலாம் மடையைப் பத்திக் கேக்க வேண்டியது இருக்குது."

நாலு மணி வெயிலில் இருவரும் வாய்க்கால் கரை வழியே கடை மடையை நோக்கி நடந்தார்கள். இருபதாம் மடைக்குக் கீழே சிகாமணி வந்தே பல வருடமாகியிருந்தது. சலவை வேட்டி, சலவைச் சட்டை, இரண்டு நிமிர்ந்த முதுகுகள். தண்ணீர் கேட்கப் போகிறவர்கள் என்று பார்த்தவர் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.